எனர்வேட் என்றால் சக்தி தருவதல்ல

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கரண்ட் இல்லை. பத்தாம் வகுப்புக்கு இன்று 'எனர்வேட்' என்ற சொல். பொருள் கேட்டேன். "எனர்ஜி குடுக்குறது மிஸ்!" வகுப்பு முழுக்கக் கத்தல். நேர்மாறு. உள்ளே இருக்கும் சக்தியை உறிஞ்சிவிடுவது, ஆளைத் துவள வைப்பது. டயர்டு என்றால் தூங்கி எழுந்தால் சரியாகும், இது அப்படியில்லை என்றேன். உதாரணத்துக்கு வெயிலை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப்போட்டேன். மனதில் தங்கை தேவி.

பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள். மகன் பிறந்து இரண்டு மாதம். சுவர்ப்பக்கம் திரும்பியே படுக்கை. அவன் அழுதால் கண் மட்டும் அசைகிறது.

வாங்க: சோப்பு, டயபர், சிவப்புப் பேனா.

ஜூன் 11, புதன்
தூறல், உடனே நின்றுவிட்டது. அரை நாள் லீவு. தேவியை டாக்டரிடம் கூட்டிப்போனேன். "ரத்தம் கம்மி. டயர்டாத்தான் இருக்கும்." இரும்புச்சத்து மாத்திரை. "டயர்டு இல்ல டாக்டர், வேற என்னமோ..." அதற்குள் அடுத்த டோக்கன்.

ஆட்டோவில் தேவி: "தூக்கமும் வரல, எழுந்துக்கவும் முடியல. சோம்பேறி இல்லக்கா நானு."

"தெரியும்டி."

ஜூன் 13, வெள்ளி
ஐயம்பேட்டையிலிருந்து தேவியின் மாமியார். கெட்டவர் இல்லை. பேரனைத் துடைத்து, பவுடர் போட்டு, மடியில் வைத்தபடியே பேச்சு.

"எத்தினி நாளு இப்படியே படுத்துக்கினு இருக்கும்? நானும் மூணு பெத்தவதாம்மா. மூணாம் மாசமே தறியில குந்திக்கினேன். புள்ளைய நான் தூக்கினு போறேன். தேறினதும் இவ வரட்டும்."

"அவளுக்கு முடியல அத்த. சோம்பல் இல்ல."

"அப்ப இன்னான்னு சொல்லும்மா."

வாயைத் திறந்தேன். தமிழிலும் வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை.

எங்கள் அம்மாவே பால்புட்டியைக் கழுவிப் பையில் வைத்தாள். தேவி தடுக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையோடு ஆட்டோ போன பிறகு பார்த்தால், அவள் ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

ஜூன் 15, ஞாயிறு
நல்ல வெயில். தேவி தானாக எழுந்தாள்! தலை வாரி, புடவை மாற்றி, "புள்ளைய பாக்கணும்க்கா." எனக்குக் கையே ஓடவில்லை. ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் வரை நடந்தாள். ஏறக் கால் வைத்தவள், அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவர்: "வரீங்களா இல்லியாம்மா? ஆளுங்க குந்தினுக்கிறாங்க."

அனுப்பிவிட்டேன். இன்னொன்று வந்தது. அதையும்.

"நீ போய்ப் பாத்துட்டு வாக்கா."

"உன்ன இங்க விட்டுட்டா?"

நானும் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன். தேவி கேட்டாள்: "என் வாசனை அவனுக்கு மறந்துடுமாக்கா?"

மறக்காது என்றேன். எனக்கென்ன தெரியும்.