கோலமாவில் விழுந்த கோடு

மண்ணெண்ணெய் வாடை வந்தால் எனக்கு இன்னும் உங்கள் ஞாபகம்தான். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். நம் மகன் கள்ளக்குறிச்சி பாயின் உதிரிபாகக் கடையிலிருந்து எஞ்சினின் இரும்புக்கூடான பிளாக் இரண்டு கொண்டுவந்து வாசலில் சாக்கின் மேல் இறக்கினான். உங்கள் ஜீப்புக்குத்தான். கம்பெனி பிளாக் இப்போது வருவதில்லையாம். இரண்டும் வெளிப் பட்டறையில் வார்த்த இரும்பு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரலாம் என்று பாய் சொல்லியிருக்கிறார்.

"இது போர் பெருசும்மா, பிஸ்டன் ஓடுற ஓட்ட. டர்போ வச்சா மரவள்ளி லோடோட வெள்ளிமலை ஏத்தத்த மூணாவது கியர்லயே ஏறும். அது சுவரு தடிப்பு, இழுவ கம்மி."

பெரியதில் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று விரல் வைத்து அளந்து பார்த்தேன்.

நீங்கள் எந்தப் பிளாக் வாங்கினாலும் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, துணியால் ஒற்றியெடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுவீர்கள். கோலமாவு தூவுவது என் வேலை. விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து மாவில் கோடு விழும். "இன்னாடி, கோலமா போட்டுக்கினு இருக்குற? பொங்கலுக்கு இன்னும் நாளு இருக்குது, தூவு" என்பீர்கள்.

கடைசியாக வாங்கிய பழைய பிளாக்கில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. காட்டினேன். "அது வார்ப்புல வந்த தழும்பு, தொடைச்சி வுடு" என்றீர்கள். முந்தானையால் துடைத்தேன். பத்து நாள்கூட ஆகவில்லை. மலை ஏற்றத்தில் சுவர் வெடித்து, ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் நின்றுவிட்டது. எஞ்சின் நின்றதால் பிரேக்கும் பிடிக்கவில்லை. ஜீப் பின்னாலேயே போய்ப் பள்ளத்தில் விழுந்தது, உங்களைத் தூக்கும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

மகன் மண்ணெண்ணெய் தடவி ஒற்றியெடுத்ததும், வெள்ளிக்கிழமையும் அதே போலக் கோலமாவு தூவினேன். தடித்த பிளாக்கில் ஒன்றும் இல்லை. பெரிய போர் பிளாக்கில், ஓரமாக, விரல் நீளத்துக்குக் கோடு.

"தழும்பும்மா. வார்ப்புல அப்டித்தான் வரும். தொடை."

உங்கள் குரலேதான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"தொடைக்க மாட்டேன்டா."

"நீ இன்னா இஞ்சினீயரா? மூணாங்கிளாஸ தாண்டுனியா?"

"உங்கப்பாவும் இதான்டா சொன்னாரு. அன்னிக்கும் கோடு இருந்துச்சு. நான்தான் தொடச்சேன்."

இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாதது. அவன் என்னையே பார்த்தான். இனி என்னை அம்மா என்று கூப்பிடுவானோ மாட்டானோ என்று பயந்தேன். குனிந்து அந்தக் கோட்டை நகத்தால் தடவினான். பிறகு போனை எடுத்தான். "பாய், பெருசு வேணாங்க. வந்து எடுத்துக்கினு போங்க."

இன்றைக்குத்தான் முதல் லோடு ஏற்ற மலைக்குப் போயிருக்கிறான். அன்று சொன்னதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டியிருக்கும் தடித்த பிளாக்கில் கோடு இல்லை, நானே பார்த்தேன். ஆனாலும் மாவு மேலே இருப்பதைத்தானே காட்டும்? இரும்புக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது? ஜீப் சத்தம் கேட்கும்வரை மாவு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

துடைக்க மாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அதே வார்த்தையை அன்றைக்கு உங்களிடம் சொல்லவில்லை.