கம்பளிப் பந்து

8.7.1963
பள்ளி விட்டதும் இன்றும் மஞ்சக்குப்பம் மைதானம். நடனசபாபதி பால்பேட்மிண்டன் ஆடினார். மஞ்சள் கம்பளிப் பந்து வெளியே போகும்போதெல்லாம் நான்தான் ஓடி எடுத்துக் கொடுத்தேன். "ஏ பாப்பா, இங்க போடு." பத்தாவது படிக்கிறேன், பாப்பாவாம்! ஆனாலும் அந்தக் குரல் இருக்கிறதே — ஐயோ, எழுதவே வெட்கமாயிருக்கிறது.

கூட வந்த சிநேகிதி குணசுந்தரி சும்மா வருவாளா? "ஏண்டி, மத்தவங்கள எல்லாம் அண்ணாங்கற. அவர மட்டும் ஒண்ணுமே சொல்லிக் கூப்புட மாட்டேங்கறியே?" கிள்ளிவிட்டேன். செத்தாலும் அவரை அண்ணா என்று கூப்பிட மாட்டேன்.

17.7.1963
மழை. ஆட்டமில்லை. சோறு இறங்கவில்லை.

2.8.1963
அவரே என்னைக் கூப்பிட்டார்! பந்தும் கையுமாக ஓடினேன். "உங்கூட ரெட்டைச்சடை போட்டுக்கினு வருமே, அதும் பேரு என்னா?"

குணசுந்தரியின் பேர். ஓடி ஓடிப் பந்து எடுத்தவள் பேர் வேண்டாம், நிழலில் நின்று பட்டாணி தின்றவள் பேர்தான் வேண்டுமாம். சொல்லித் தொலைத்தேன். நானும் ஒரு ஆட்டம் ஆடட்டுமா என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு அதெல்லாம்? பந்த எடுத்துப் போடு, போதும்."

போதுமா? எனக்கா? போய்யா!

3.8.1963
சாப்பிடும்போது அழுதுவிட்டேன். குழம்பில் காரம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டாள் அம்மா.

5.8.1963
ராஜாமணி டீச்சரிடம் கேட்டுப் பள்ளி டீமில் சேர்ந்துவிட்டேன். பந்து எங்கே விழும் என்று எனக்கு முன்னாலேயே தெரிகிறதாம். தெரியாமல் என்ன? மைதானத்தில் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்!

"பொட்டப்புள்ளைக்கு ஆட்டம் என்னா ஆட்டம்?" என்று அம்மா கத்தினாள். வலை உதறிக்கொண்டிருந்த அப்பா நிமிரவேயில்லை. "அமராவதி ஆடட்டும், உடு."

14.9.1963
தேவனாம்பட்டினத்து மணலில் தினமும் ஆடிப் பழகி உள்ளங்கை காய்த்துவிட்டது. மைதானம் பக்கம் போகவில்லை. போகத் தோன்றினால் இன்னும் ஓங்கி அடிக்கிறேன்.

5.10.1963
ஜெயித்தோம்! ஜெயித்தோம்! சிதம்பரத்தில் நடந்த ஜில்லாப் போட்டியிலிருந்து திரும்பும் ரயிலில் எழுதுகிறேன், எழுத்தெல்லாம் கோணல்.

கடைசி ஆட்டம், ஒரே பாயிண்ட் பாக்கி. எதிர் டீம் வெளியே அடித்த பந்து கூட்டத்துக்குள் உருண்டது. சர்வீஸ் என்னுடையது. "சீக்கிரம் பந்தப் போடுங்கண்ணா!" என்று கத்தினேன். யாரோ ஓடி எடுத்து வீசினார்கள். பிடித்த பிறகுதான் பார்த்தேன் — நடனசபாபதி! ஆண்கள் ஆட்டத்தில் காலையிலேயே தோற்றுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றிருக்கிறார். வெட்கப்பட நேரமேது? தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு சர்வீஸ் போட்டேன். அந்தப் பக்கம் ஐந்து பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பாயிண்ட்!

மைக்கில் என் பேர் முழங்கியது. அப்புறம் அவரே வந்தார். "உம் பேரு அமராவதியா? நல்லா ஆடுன."

"ஆமாண்ணா" என்றேன்.

கை தட்டவென்றே கூட வந்த குணசுந்தரி என் விலாவில் இடித்தாள். "அண்ணான்னுட்டியேடி!" ஆமாம், இரண்டு தரம் சொல்லிவிட்டேன். தொண்டையில் சிக்கின முள் இறங்கின மாதிரி இருக்கிறது.

பரங்கிப்பேட்டை தாண்டிவிட்டது. கப் என் மடியில். ஒரு நிமிஷம் குடுடி என்று கெஞ்சுகிறாள் குணசுந்தரி. கடலூர் வரைக்கும் யாருக்கும் தர மாட்டேன்.