ஏழாம் கட்டிலுக்குப் போன பூஞ்சை

அனுப்புநர்:
12-ஆம் கட்டில் நோயாளியின் மனைவி,
ஆண்கள் சிறுநீரகப் பிரிவு.
(பெயர் சொன்னால் இங்கு எவருக்கும் தெரிவதில்லையாதலால் எண்ணையே எழுதியுள்ளேன்.)

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: கட்டில் எண் மாறியதால் சிகிச்சை தவறியது – கண் பரிசோதனையாவது உரியவருக்குச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பேருந்து ஓட்டுநரான என் கணவர் சிறுநீர்க் குழாயில் கல் அடைத்து 7-ஆம் கட்டிலில் சேர்க்கப்பட்டார். சிறுநீர் வெளியேற டியூப் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் சன்னலோரமான 12-க்கு மாற்றப்பட்டார். காற்று வரட்டுமே என்று கெஞ்சிக் கேட்டவள் நான்தான்.

2. மறுநாள், 7-இல் இருந்தபோது எடுத்த அவரது சிறுநீரில் பூஞ்சை இருப்பதாக அறிக்கை வந்து, 7-ஆம் கட்டிலின் அட்டையில் செருகப்பட்டது. அங்கே குடலிறக்கத்துக்காக வந்திருந்தவர் நான்கு நாள் பூஞ்சை மாத்திரை விழுங்கினார். நல்ல மனிதர், கொடுத்ததை ஏன் என்று கேட்கவில்லை. என் கணவருக்கோ டியூப்கூட மாற்றப்படவில்லை.

3. அனுமதித்த ஏழாம் நாள் என் கணவருக்குக் கட்டிலே ஆடும்படி குளிர் நடுக்கம். டியூப் அடைத்துத் தேங்கிய சிறுநீரில் வளர்ந்த பூஞ்சை இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் மருத்துவர். செவிலியரிடம் முறையிட்டேன். "ரிப்போர்ட்டு கட்டிலுக்குத்தாம்மா வரும், ஆளுக்கு வராது" என்றார். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளி அலுவலக எழுத்தர். எந்தப் பிள்ளையின் சான்றிதழையும் பெஞ்சுக்குக் கொடுத்ததில்லை, ஐயா.

4. இப்போது டியூப் மாற்றி, மருந்து ஏறுகிறது. இரத்தத்திலுள்ள பூஞ்சை கண்ணைத் தாக்கக்கூடும் என்பதால் கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதினார்கள். கோப்பின் மேலட்டையில் 7 என்பதை இன்னும் யாரும் அடித்துத் திருத்தவில்லை. நேற்று கண் மருத்துவர் வந்தார், 7-ஆம் கட்டிலைப் பார்த்தார், போய்விட்டார். "கண்ணு ரெண்டும் பிரமாதமா இருக்காம்மா" என்று 7-ஆம் கட்டில்காரர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னபோது அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

5. இன்று காலை என் கணவர், "கடிகாரத்து மேல யாராவது கண்ணாடிக் காகிதம் ஒட்டிட்டாங்களா?" என்று கேட்டார். யாரும் ஒட்டவில்லை. கண் போனால் அவருக்கு ஸ்டியரிங் இல்லை. மேலட்டையைத் திருத்த நான் பேனாவை எடுத்தபோது, கோப்பில் வெளியார் கை வைக்கக்கூடாது என்று பிடுங்கி வைத்தார்கள்.

ஆகவே, கண் மருத்துவரை இன்று மதியத்துக்குள் 12-ஆம் கட்டிலுக்கு அனுப்பிவைக்குமாறு மன்றாடுகிறேன். இயலாதெனில், என் கணவரைத் தூக்கி 7-ஆம் கட்டிலில் படுக்கவைக்க அனுமதி தாருங்கள். அங்கிருப்பவர் இடம் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்.

இடம்: சன்னலோரம்
நாள்: அனுமதித்த ஒன்பதாம் நாள், காலை

இப்படிக்கு,
(ஒப்பம்)
12-ஆம் கட்டில் நோயாளியின் மனைவி