ரோஸியைக் கூட்டி வரலாமா?

பர்மிங்ஹாம்
12-1-1999

அன்பு வெங்கு,

உன் கடிதம் கிடைத்தது. முத்திரை குத்தியவன் பிரெயில் புள்ளிகளில் இரண்டு வரியை நசுக்கிவிட்டான். தடவித் தடவிப் பார்த்தும் பிடிபடவில்லை. உன் வீட்டுக்காரி சரோஜத்தின் சமையலைக் குறை சொல்லியிருப்பாய், போகட்டும்.

என் மனைவி லில்லி போய்ச்சேர்ந்த பிறகு இந்த வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பியானோ பழுதுபார்க்கும் வேலையையும் விட்டாயிற்று. ஊருக்கே வந்துவிடலாமென்று தோன்றுகிறது. உன் மாடி அறை காலிதானே? ஒரே சிக்கல் ரோஸி. எட்டு வருஷமாக என்னைத் தெருவில் நடத்திப் போகிறவள் அவள்தான். நாயோடு வரவா, வெள்ளைக் கோலோடு வரவா? நீ சொல்.

தங்கையன்


ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
3-2-1999

என் தங்கையா,

உடனே வா. பள்ளி விடுதியில் உன் தோளைப் பிடித்தே நடந்த நான், அப்புறம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குக் கோலைத் தட்டியே போய்வந்தேன். உனக்கும் பழகிவிடும். ஆரியசாலைக் கடைத்தெருவில் இப்போதும் மூக்குதான் வழி சொல்கிறது. பெருங்காயம் மணந்தால் இடப்பக்கம். லீவுக்கு நீ வந்தபோது இருவரும் வழி தவறிக் கொப்பரைக் கிடங்குக்குள் போய் நின்றோமே! முதலாளி திட்டாமல் ஆளுக்கொரு துண்டு கொடுத்து அனுப்பினார். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

ரோஸியை அங்கேயே நல்லவர்கள் யாரிடமாவது ஒப்படைத்துவிடு. இங்கே நடைபாதை கிடையாது. தெருநாய்கள் அவளைச் சும்மா விடாது. அதோடு, அக்கிரகாரத்து வீட்டுக்குள் நாயா? சனிக்கிழமை பஜனைக்கு வருகிறவர்கள் படியேறுவார்களா? கோலென்றால் மூலையில் சாத்திவைக்கலாம், சோறும் கேட்காது.

கோபித்துக்கொள்ளாதே.

வெங்கு


பர்மிங்ஹாம்
1-3-1999

அன்பு வெங்கு,

ஒரு வாரம் கோலோடு நடந்து பார்த்தேன். முழங்காலில் காயம், அது பரவாயில்லை. நான் திரும்பும்வரை ரோஸி கதவருகிலேயே கிடந்தாளாம், தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். பக்கத்து வீட்டம்மா சொன்னாள்.

'அக்கிரகாரத்து வீட்டுக்குள் நாயா' என்ற வரியில் என் விரல் நின்றுவிட்டது. கொப்பரை தின்ற அதே லீவில், "அந்தப் பையன் இங்கயே உக்காந்துக்கட்டும்டா" என்று உன் அம்மா எனக்குக் கொல்லையில்தான் காப்பி கொடுத்தாள். நல்ல காப்பி, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இன்னொரு ஜீவனை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உன் மாடியேற மனசு வரவில்லை. அந்த ஊர் எனக்கு வேண்டும், உன் பேச்சும் வேண்டும். அவளை விட்டுவிட்டு வேண்டாம்.

டிக்கெட் எடுக்கவில்லை.

தங்கையன்


ஸ்ரீவராகம்
24-3-1999

தங்கையா,

உன் கடிதங்களைச் சரோஜத்துக்கு வாசிக்கும்போது கசப்பானதைத் தாண்டிவிடுவது என் வழக்கம். இந்த முறை தாண்டவில்லை. கொல்லைக் காப்பி வந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "பஜனை வேற ஆத்துல நடக்கட்டும். நாம அங்க போய்க் கேட்டா ஆகாதா?" என்றாள்.

நாய் வரப்போகிறதென்று சொன்னதும், போன சனிக்கிழமையே பஜனை எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. எங்களை யாரும் கூப்பிடவில்லை. ஜால்ராச் சத்தத்தை இங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தோம். கஷ்டமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

தெருநாய்களைப் பற்றி நான் எழுதியது நிஜம். அதனால் வெளியே நடக்கக் கோலும் கொண்டுவா. ரோஸிக்கு இங்கே வேலை கிடையாது, சாப்பிட்டுத் தூங்கட்டும். மாடியேற முடியாவிட்டால் கூடத்திலேயே படுக்கட்டுமாம்.

டிக்கெட் எடு. "ரெண்டு பேரையும் முன்வாசல் வழியா வரச் சொல்லுங்கோ" என்று சரோஜம் பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள்.

வெங்கு