தில்லைநாயகத்தின் நாயை விரட்டாதே

ரங்கூன்,
1934 ஆனி

சௌபாக்கியவதி முத்துவடிவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் கடைத்தெருவில் ஒரு நாயைப் பார்த்து, “ஏலே, சாப்பிட்டியாலே?” என்று கேட்டேன். ஏலே போட்டுக் கூப்பிட இந்த ஊரில் எனக்கு வேறு ஆளில்லை. அது வேட்டியைக் கவ்விக் கிழித்துவிட்டது. காலில் பல் படவில்லை, பயப்படாதே.

நம் மகன் தில்லைநாயகம் கொண்டுவந்த நாய்க்கு உன்னால் பாடுபட முடியவில்லை, அதை விரட்டச் சொல்லி அவனுக்கு எழுது என்று கேட்டிருக்கிறாய். எழுத மாட்டேன். அவனுக்கு இருபது வயது. அந்த வயதில் நான் யார் முகத்தையும் பார்த்துப் பேசாத பயந்தாங்கொள்ளி. எனக்கென்று ஒரு நாய் வந்த பிறகுதான் விடியுமுன் எழுந்து, தென்காசியிலிருந்து குற்றாலம் வரை அதோடு நடக்க ஆரம்பித்தேன். சாரலில் நனைந்துகொண்டு இருவரும் அருவிக்கரையில் நிற்போம். ஒருநாள் உன் அண்ணாச்சி வந்து, “கடிக்குமாவே?” என்றார். “நான் கடிக்க மாட்டேன் அண்ணாச்சி, அதைத்தான் கேக்கணும்” என்றேன். என் பேச்சுக்கு ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிநேகத்தில்தானே உன்னைக் கட்டித் தந்தார்? நாய் இருக்கட்டும், பையனும் நாலு பேரோடு பழகட்டும்.

வேட்டி ஒன்று அனுப்பு. நாய்க்கு என்ன பெயர் வைத்திருக்கிறான் என்றும் எழுது. கப்பல் தபாலுக்கு நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
பால்வண்ணநாதன்

ஒன்று விட்டுப்போயிற்று. என்னுடைய அந்த நாய் இருந்த நாலு வருஷமும் அதற்குச் சோறு வைத்துக் குளிப்பாட்டியது நான் இல்லை, என் அக்காள் சொக்கம்மாள்.