அடியில் கேட்ட குரல்

பிரபா,

நிகழ்ச்சி தள்ளிப்போய்விட்டது என்று போனில் சொன்னாய். நேற்று சாயங்காலம் செம்பூரில் அம்மா வீட்டில் டிவியைப் போட்டால் நம் பாட்டுக் குழு பாடிக்கொண்டிருக்கிறது. நான் நிற்கும் இடத்தில் உன் நாத்தனார் நின்று மற்றவர்கள் குரலுக்கு அடியில் நான் பாடும் கீழ்க்குரலைப் பாடுகிறாள்.

கண் தெரியாத அம்மா கட்டிலில் இருந்தபடி கேட்டாள். "அடியில கேக்கறது உன் குரல்தானேடி?"

"ஆமாம்மா. போன வாரமே ரெக்கார்டிங் ஆயிடுத்து."

"சுருதி இறங்கியிருக்கே. ராத்திரி பகலா என்னைக் கவனிச்சே உன் தொண்டை போயிடுத்து" என்று அழுதாள்.

உன் நாத்தனாரின் அபசுரத்துக்கு என் அம்மா அழுதாள், பிரபா. எனக்குச் செய்ததைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன். இதை மன்னிக்க மாட்டேன். அம்மாவைப் பார்க்கிற சாக்கில் இந்த வாசலை மிதித்துவிடாதே.

இப்படிக்கு,
பன்னிரண்டு வருஷம் உன் பக்கத்தில் நின்று பாடியவள்