பீச்சுப் பருப்பில் ஒரு டம்ளர் பால்

3 ஜூன் 2025, செவ்வாய்

அக்கா மகள் நித்யா கொடைக்கானலிலிருந்து ஒரு பெட்டி பீச் பழம் கொண்டுவந்தாள். தச்சநல்லூரில் எங்கள் தெரு முழுக்க என் கையால்தான் விநியோகம். "அலெக்சாண்டர் பாரசீகத்திலேருந்து குதிரையில கொண்டாந்த பழம்வே" என்றேன், அடுத்த வீட்டு எபனேசரிடம். குதிரையின் நிறம்கூடச் சொன்னேன்.

நித்யா விவசாயக் கல்லூரியில் படிக்கிறவள். சிரிக்கிறாள். "பொறந்த எடம் சீனா, மாமா. குளிர்ல நல்லா உறங்கி எந்திரிச்சாத்தான் மரம் பூக்கும். நம்ம வெயில்ல எங்க உறங்க? இதுவும் பாதாமும் ஒரே குடும்பம், ஆனா..."

பாதாமுக்குத் தம்பியா! இதை எபனேசரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? எழுந்து ஓடினேன்.

4 ஜூன்

தெருவில் தின்று போட்ட கொட்டையெல்லாம் வாங்கிவந்து சுத்தியலால் உடைத்தேன். உள்ளே பாதாமேதான்! ஊறப் போட்டாயிற்று.

5 ஜூன், வியாழன்

அரைத்துப் பாலில் கலக்கினேன். நாக்கில் தொட்டால் கசப்பு. கற்கண்டை அள்ளிப் போட்டேன். நித்யாவின் அப்பா, செல்வமணி அத்தான் வந்தார்.

"காஷ்மீர் பாதாம் அத்தான். ராஜா வீட்டுக்குப் போற சரக்கு."

"கசக்குதே மாப்ள?"

"ஒசத்தின்னா அப்படித்தான்."

முகத்தைச் சுளித்துக்கொண்டே முழு டம்ளரையும் குடித்தார்.

அதே நாள், ஆஸ்பத்திரி வராந்தா

அத்தான் வாந்தியெடுத்து அப்படியே விழுந்துட்டாவ. மூச்சு இழுக்குது. "என்ன சாப்பிட்டாரு?"ன்னு டாக்டரம்மா கேட்டாவ. அக்கா சொல்லுதா, "பாதாம் பால்தாம்மா. காஷ்மீர் பாதாம். தம்பி வாங்குனான்."

டாக்டரம்மா அதையே எழுதுதாவ. பாதாமுக்கு யாரு விழுவா? அப்போ... அந்தக் கசப்பு?

"பாதாம் இல்லம்மா. பீச்சுக் கொட்டை. நான்தான் உடைச்சு அரைச்சேன்."

"மாமா! அது வயித்துக்குள்ள சயனைடாயிரும்!" — நித்யா அலறுதா. டாக்டரம்மா உள்ள ஓடுனாவ.

சயனைடா? பழத்துக்குள்ளயா? அவ்வளவு இனிப்பான பழத்துக்குள்ளயா?

6 ஜூன்

விஷமுறிவு மருந்து ஏற்றியதில் அத்தான் கண் திறந்தார்.

நித்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கசப்பு என்பது மரம் தன் விதைக்கு வைத்த காவலாம். கசக்காத மரமாகப் பொறுக்கிப் பொறுக்கி மனுஷன் வளர்த்ததுதான் நாம் தின்கிற பாதாமாம். "அன்னைக்கு 'ஆனா'ன்னு சொன்னேன்லா மாமா. முடிக்கதுக்குள்ள போயிட்டீய."

வைதிருந்தால் தேவலை.

8 ஜூன்

என்ன நடந்தது என்று எபனேசர் கேட்டான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

22 ஜூன், ஞாயிறு

அத்தான் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருக்கிறார். நானே காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாப்ள, இதுல என்ன இருக்கு?"

குடகு, மைசூர் மகாராஜா, யானை, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.

"மூலைக்கடைப் பொடி. பால். சீனி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல அத்தான்."

குடித்தார்.